அம்மாவின் இடுப்பு ஒப்பரேஷன்: பக்கத்தில் நின்றவள் எழுதுவது

ஒப்பரேஷன் என்றதும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "ஆர் சேர்ஜன்?" அடுத்தது, "கொழும்புக்குக் கொண்டு போகேலாதா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அம்மாவுக்கு இடுப்பு உடைந்து, திருகோணமலையிலேயே ஒப்பரேஷன் முடிந்து, அவர் திரும்ப நடக்கத் தொடங்கும் வரை பக்கத்தில் நின்ற எனக்கு அந்தக் கேள்விகளுக்கு வெளியேதான் நிறைய விஷயம் இருப்பதாகப் பட்டது. பெயரை யார் எப்போது சரிபார்க்கிறார்கள், எத்தனை மணித்தியாலம் பட்டினி, இராத்திரி கண்ணாடி எங்கே கிடக்கிறது, அடுத்த நாள் எழும்பி நிற்கிறாரா. ஒப்பரேஷனுக்குப் போன ஆளைச் சுகமாகத் திருப்பிக் கொண்டுவருவதில் இப்படியான சின்னக் காரியங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதில் கணிசமானவை கட்டிலருகே ஸ்டூலில் குந்தியிருக்கும் துணையாளின் கையில் இருக்கின்றன.

நான் டொக்டர் இல்லை. உயர்தர வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள். வாட்டில் இருந்தபடியே ஃபோனில் ஆய்வுகளைத் தேடி வாசித்தேன், விளங்காததை டொக்டர்மாரிடம் கேட்டேன். பலர் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். அதையெல்லாம் நாங்கள் பட்டதோடு சேர்த்து எழுதுகிறேன். இனி யாராவது இப்படி ஒரு கட்டிலருகே இருக்க நேர்ந்தால் உதவட்டும்.

அம்மாவுக்கு 78 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. சம்பூரில் பிறந்து வளர்ந்தவர். 2006இல் இடம்பெயர்ந்து எங்கெங்கோ அலைந்துவிட்டு, இப்போது உப்புவெளியில் எங்களோடு இருக்கிறார். கார்த்திகை மழையில் கிணற்றடிச் சீமெந்தில் வழுக்கி விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு கால் மற்றதை விடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. வயதானவர் விழுந்து கால் இப்படித் தெரிந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்கி நிறுத்திப் பார்க்கக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். அம்புலன்ஸ் பொடியன்கள் காலை அசையாமல் கட்டித்தான் ஏற்றினார்கள்.

அயலில் ஒருவர் முறிவு வைத்தியரிடம் போகச் சொன்னார். கை, கால் முறிவுக்குப் பத்துக் கட்டிச் சுகமானவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் அவர் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் அம்மாவுக்கு உடைந்தது தொடை எலும்பின் கழுத்து. அது உடைந்து விலகினால் எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் இரத்தக் குழாய்களும் அறுபட்டுப் போகலாம். வெளியே என்ன கட்டினாலும் அந்த இடத்துக்கு இரத்தம் திரும்பி வராது. எக்ஸ்ரேயைக் காட்டி எலும்பு டொக்டர் இதைச் சொன்னார். தலைப்பகுதியை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைப்பதுதான் வழி என்றார்.

கனடாவில் இருக்கிற அண்ணா வாட்ஸ்அப்பில் விடவில்லை. "எவ்வளவு காசு எண்டாலும் பரவாயில்லை, கொழும்புக்குக் கொண்டு போங்கோ." தூரத்தில் இருப்பவருக்குக் காசு ஒன்றுதான் கையில் இருக்கிறது, அந்தத் தவிப்பு எனக்கு விளங்கியது. ஆனால் இடுப்பு முறிவில் நேரமும் ஒரு மருந்து. 2020இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஹிப் அட்டாக் என்ற ஆய்வில் 17 நாடுகளில் 2,970 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, முறிவு என்று கண்டதிலிருந்து சராசரியாக 6 மணித்தியாலத்தில் ஒப்பரேஷன். மற்றப் பிரிவுக்கு வழமைபோல 24 மணித்தியாலத்தில். இறந்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: 9 சதவீதமும் 10 சதவீதமும். ஆனால் விரைவாகச் செய்யப்பட்டவர்களுக்கு மனக்குழப்பமும் நோவும் குறைவாக இருந்தன. எழும்பி நின்றதும் அவர்கள்தான் முதலில்.

இதை அண்ணாவுக்குச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொன்னேன். 6 மணித்தியாலமா 24 மணித்தியாலமா என்றுதான் அந்த ஆய்வு பார்த்தது. நாங்கள் கொழும்புக்கு ஏற்றியிருந்தால், முறிந்த காலோடு குலுங்கிப் போய், அங்கே திரும்பவும் எக்ஸ்ரே, இரத்தம், இதயப் பரிசோதனை என்று முதலிலிருந்து தொடங்கி, நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டி வந்திருக்கும். இங்கேயே எலும்பு டொக்டரும் மயக்க மருந்து டொக்டரும் இருக்கும்போது அது தேவையில்லை. இங்கே செய்ய முடியாது என்று டொக்டரே சொல்லி அனுப்பினால் அது வேறு கதை. அப்போது யோசிக்காமல் போக வேண்டும்.

அடுத்த விவாதம் முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்பது. சித்திக்கு முதுகு ஊசி என்றால் பயம். "பிறகு வாழ்நாள் முழுக்க நாரி நோகும்" என்றார். மாமா முழு மயக்கத்துக்குப் பயந்தார், வயதானவர்கள் எழும்ப மாட்டார்கள் என்று. 2021இல் ரீகெயின் என்ற ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரில் இதை நேராகவே பார்த்தது. 60 நாளின் பின் இறந்திருந்தவர்கள் அல்லது துணையின்றி நடக்க முடியாதவர்கள் முதுகு ஊசிப் பிரிவில் 18.5 சதவீதம், முழு மயக்கப் பிரிவில் 18 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். எனவே இதில் குடும்பம் சண்டை பிடிப்பதை விட்டு, இந்த ஆளின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எது பொருந்தும் என்பதை மயக்க மருந்து டொக்டரிடம் விட்டுவிடலாம். அவருக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது தகவல். வீட்டில் எடுக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன்: சீனிக் குளிசை, பிரஷர் குளிசை, அஸ்பிரின், அதோடு அம்மா எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாட்டு மருந்துத் தூள். அவர் முதலில் கையில் எடுத்துப் பார்த்தது அந்தத் தூளைத்தான்.

எங்கள் வாட்டில் இரண்டு பரமேஸ்வரிகள் இருந்தார்கள். அம்மா ஒருவர், ஜன்னலோரக் கட்டிலில் தம்பலகாமத்து அம்மா ஒருவர். வயதும் கிட்டத்தட்ட ஒன்று. இருவருக்கும் இடுப்பு முறிவு, ஒருவருக்கு வலது, ஒருவருக்கு இடது. மருந்து கொடுக்க வரும் மிஸ் (தாதி) பெயர் கேட்பார், இரத்தம் எடுக்க வருபவர் கேட்பார், எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகிறவர் கேட்பார். அம்மாவுக்குச் சலித்துவிட்டது. "எத்தினை தரம்தான் பேரைக் கேப்பினம், பிள்ளை? இவைக்கு ஞாபகம் இல்லையோ?" பக்கத்துக் கட்டிலைக் காட்டி, "அம்மா, அங்கயும் ஒரு பரமேஸ்வரி இருக்கிறா, அவவின்ரை காலை வெட்ட வேண்டிய இடத்தில உங்கட காலை வெட்டினால்?" என்றேன். அதற்குப் பிறகு கேட்காதவர்களுக்கும் தானாகவே முழுப் பெயர், தகப்பன் பெயர், எந்தக் கால் என்று சேர்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

தியேட்டருக்குப் போகும் நாள் காலையில் டொக்டர் வந்து, அம்மாவிடமே "எந்தக் கால்?" என்று கேட்டு, அந்தத் தொடையில் அழியாத பேனாவால் அம்புக்குறி போட்டார். கழுவும்போது அது அழிந்துவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன். அப்புறம் மூக்குத்தி. ஒப்பரேஷனில் இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்க மின்சாரக் கருவி பாவிப்பார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுடப்படலாம் என்பதால் நகை எதுவும் கூடாது. அம்மாவின் மூக்குத்தி கலியாணத்துக்குப் பிறகு கழற்றியதே இல்லை, திருகு இறுகிப் போயிருந்தது. கிண்ணியாவிலிருந்து வந்து தன் உம்மாவுக்குத் துணை நின்ற பெண் எழும்பி வந்து, தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஊறவிட்டு, நகத்தால் உள்பக்கத் திருகைப் பிடித்து மெல்லத் திருப்பிக் கழற்றித் தந்தார். நகையை முதல் நாளே வீட்டில் வைத்துக் கழற்றிவிடுங்கள். கடைசி நேரத்தில் அந்தரப்பட்டால் மூக்குத்தான் புண்ணாகும்.

இப்படிப் பெயரையும் பக்கத்தையும் திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 19 விஷயங்களைக் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கி, டொரோண்டோ, புதுடில்லி, அம்மான், ஓக்லாந்து, மணிலா, லண்டன், சியாட்டில், தன்சானியாவின் இஃபாகாரா என எட்டு இடங்களில் பரீட்சித்துப் பார்த்தது. மயக்கம் கொடுக்க முன், கத்தி வைக்க முன், ஆளை வெளியே கொண்டுபோக முன் என்று மூன்று தடவை எல்லோரும் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ஆள் யார், எந்த இடம், அலர்ஜி உண்டா, அன்டிபயோட்டிக் கொடுத்தாயிற்றா, துணியும் ஊசியும் எண்ணிச் சரியா. 2009 ஜனவரியில் முடிவு வந்தது. பட்டியலுக்கு முன் இறப்பு 1.5 சதவீதம், பிறகு 0.8. சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7க்கு இறங்கின. புது மருந்தோ புதுக் கருவியோ இல்லாமல், ஒரு தாளும் பேச்சும் கொண்டு வந்த மாற்றம் இது.

ஆனால் 2014இல் கனடாவின் ஒன்ராறியோவில் 101 ஆஸ்பத்திரிகளின் தரவுகளைப் பார்த்தபோது, அதே பட்டியலைக் கட்டாயமாக்கிய பிறகு குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஏன் என்பதில் பல கருத்துகள் உண்டு. தாளில் சரி போடுவது வேறு, நின்று ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பது வேறு என்ற விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. வகுப்பில் வரவு எடுப்பதுபோல் கடகடவென்று வாசித்துவிட்டுப் போனால் ஆள் இல்லாத கதிரைக்கும் "வந்தேன்" என்று குரல் வரும். அதனால்தான் நோயாளி வாய் திறந்து பதில் சொல்வது முக்கியம். எங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. மிஸ்மாரில் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். சிங்களத்தில் "ஒவ்" (ஓம்) என்று தலையாட்டிவிட்டால் முடிந்தது. எனவே பெயர், பக்கம், அலர்ஜி, சீனி வருத்தம், எடுக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவித்து அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் வைத்தேன். சேருவிலவிலிருந்து வந்திருந்த ஒரு அக்காதான் சிங்களத்தில் எழுதித் தந்தார்.

பட்டினி விஷயத்தில்தான் எனக்கு மனம் மிகவும் நொந்தது. முதல் நாள் இரவுக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றார்கள். காலையில் ஒரு பெரிய விபத்து வந்து, தியேட்டர் அந்தப் பக்கம் போய்விட்டது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, உயிர் போகிற கேஸ் முதலில் போக வேண்டியதுதான். ஆனால் அம்மா பின்னேரம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார். உதடு காய்ந்து, சீனி இறங்கி, கண் சொருகத் தொடங்கிவிட்டது. மிஸ் வந்து சீனி பார்த்துச் சேலைன் ஏற்றினார்.

பட்டினி ஏன் என்று தேடினால் அது 1946க்குப் போகிறது. நியூயோர்க்கில் மெண்டல்சன் என்ற டொக்டர் 44,016 பிரசவங்களைப் பார்த்து, மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போன 66 பேரைப் பதிவு செய்தார். அதில் இறந்த இருவரும் திண்ம உணவு மூச்சுக்குழாயை அடைத்து இறந்தவர்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரே தடை என்ற வழக்கம் அதன் பின் பரவலாக வேரூன்றியது. பின்னர் வந்த ஆய்வுகள் தெளிந்த திரவம் இரைப்பையை விட்டு வேகமாகப் போய்விடும் என்று காட்டின. 1999இலிருந்தே அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் வழிகாட்டல், இலேசான சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், தண்ணீர், பால் விடாத தேத்தண்ணி போன்றவற்றுக்கு 2 மணித்தியாலம் என்கிறது. அதாவது எங்கள் பிளேன்ரீ.

இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாகவே கட்டிலில் இருப்பவருக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துவிட வேண்டாம். சீனி வருத்தம் கனகாலம் இருந்தால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், நோவுக்குக் கொடுக்கிற சில மருந்துகளும் அதை இன்னும் மந்தமாக்கும். கேட்க வேண்டிய கேள்வி இது: "டொக்டர், எங்கட முறை எத்தினை மணிக்கு வரும்? அதுவரைக்கும் தண்ணி குடுக்கலாமா? எத்தினை மணிக்கு நிப்பாட்டோணும்?" முறை தள்ளிப்போனால் திரும்பவும் கேட்க வேண்டும். அடுத்த நாள் அப்படிக் கேட்டோம். விடியப்புறம் ஒரு நேரம் குறித்துத் தந்து, அதுவரை தண்ணீர் குடிக்க விட்டார்கள். அம்மா தெளிவாகவே தியேட்டருக்குப் போனார்.

அந்த வாட்டில் மேற்படிப்புப் படிக்கும் இளம் டொக்டர் ஒருவர் இதே பட்டினி நேரத்தைப் பற்றித் தரவு சேர்த்துக்கொண்டிருந்தார். அம்மாவிடமும் அனுமதி கேட்டார். சித்தி என் காதுக்குள், "கையெழுத்து வைக்காதை. எங்களை வைச்சுப் பரிசோதிச்சுப் பாக்கப் போறாங்கள்" என்றார். ஆட்களிடம் கேளாமல் ஆய்வு என்று நடந்த கொடுமைகள் உலகத்தில் உண்மையிலேயே உண்டு, அதனால்தான் மனிதரில் செய்யும் ஆய்வுகளுக்கு நெறிமுறை வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது. ஆகவே பயத்தைத் தட்டிக்கழிக்காமல் கேள்வியாக மாற்றினோம். இதில் சேர்ந்தால் அம்மாவுக்குக் கொடுக்கிற வைத்தியத்தில் ஏதாவது மாறுமா? சேராவிட்டால் குறையுமா? நடுவில் விலகலாமா? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? அந்தத் தங்கச்சி தமிழிலேயே அச்சிட்ட தாளைக் காட்டி, ஒவ்வொன்றாக விளக்கினார். மருந்து எதுவும் மாறாது, நேரத்தைக் குறிப்பது மட்டும்தான். அம்மா, "எழுது பிள்ளை, எனக்குப் பிறகு வாறவளாவது தண்ணி குடிக்கட்டும்" என்று கையெழுத்து வைத்தார். மருந்தைப் பரீட்சிக்கும் ஆய்வென்றால் இன்னும் கூடக் கேட்க வேண்டும். அது இலங்கை மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் இணையத்தில் பார்க்கலாம்.

தியேட்டர் குளிர் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே போகும் வரை போர்வையைக் கழற்ற விடாதீர்கள். 1996இல் ஒஸ்திரியாவில் குடல் ஒப்பரேஷன் செய்த 200 பேரில், உடம்பு குளிர விடப்பட்டவர்களில் 19 சதவீதத்துக்குப் புண்ணில் கிருமி, சூடாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம். 2022இல் 5,000க்கும் மேற்பட்டவர்களில் செய்த ஆய்வு, 35.5 பாகைக்கு மேல் இன்னும் சூடாக்குவதால் கூடுதல் நன்மை இல்லை என்றது. ஆக, குளிர விடாமல் இருந்தால் போதும்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. வெளியே வந்து, அம்மா சிரித்து, பேரப்பிள்ளைகளை விசாரித்தார். எல்லாம் சரி என்று நினைத்தோம். அன்றிரவு நடுச்சாமத்தில் அம்மா எழும்ப எத்தனித்தார். சேலைன் குழாயை இழுத்தார். "வள்ளம் வந்திட்டுது, பெட்டியைக் கட்டு. சின்னவன் எங்கை? ஷெல் அடிக்கிறாங்கள், லைட்டை நூர்." என் முகத்தைப் பார்த்து, நான் யார் என்று கேட்டார். அவர் சொன்ன சின்னவன் என் தம்பி. இடம்பெயர்வோடு தொலைந்தவன்.

காலையில் வந்த ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அறளை பெயர்ந்துவிட்டது என்றார் ஒருவர். மயக்க மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். மாமி நூல் கட்டிக்கொண்டு வந்தார். கட்டட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் டொக்டர் இதற்குச் சொன்ன பெயர் "மாறாட்டம்", ஆங்கிலத்தில் டெலிரியம். வயதானவர்களுக்குப் பெரிய ஒப்பரேஷனுக்குப் பிறகு, அதிலும் இடுப்பு முறிவுக்குப் பிறகு, திடீரென வருகிற ஒரு மூளைக் குழப்பம். நாளுக்குள்ளேயே கூடிக் குறையும், இரவில் மோசமாகும். பெரும்பாலானவர்களுக்குத் தெளியும். சிலர் இப்படிச் சத்தம் போடாமல், சாப்பிடாமல் தூங்கி வழிவார்கள். "அம்மா நல்லா நித்திரை கொள்ளுறா" என்று நாம் நினைப்போம், அதுவும் மாறாட்டமாக இருக்கலாம். நேற்று இருந்த மாதிரி ஆள் இன்றைக்கு இல்லை என்று முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் கூட இருப்பவர்தான். கண்டதும் மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பின்னால் சலக்கிருமி, நீர் வற்றல், மலச்சிக்கல், அடங்காத நோவு, ஒட்சிசன் குறைவு என்று திருத்தக்கூடிய காரணம் இருக்கலாம். அம்மாவுக்கு இருந்தவை நீர் வற்றலும் நோவும்.

இதைத் தடுக்கலாம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் ஷாரன் இனூயி என்ற டொக்டர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் 70 வயது தாண்டிய 852 நோயாளிகள். அவர்கள் ஒப்பரேஷன் நோயாளிகள் அல்லர், பொது மருத்துவ வாட்டில் இருந்தவர்கள். ஒரு பிரிவுக்குச் செய்தது இவ்வளவுதான்: நாள், இடம் சொல்லிப் பேசுவது, கண்ணாடியும் காதுக் கருவியும் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, நடமாட வைப்பது, இரவில் தூங்க விடுவது. மாறாட்டம் வந்தது 9.9 சதவீதத்துக்கு. வழமையான கவனிப்பில் 15 சதவீதம். பின்னர் 2001இல் இடுப்பு முறிந்த 126 பேரில், முதியோர் மருத்துவர் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே பார்த்தபோது அது 50 சதவீதத்திலிருந்து 32 ஆகக் குறைந்தது.

அன்றைக்கே தொடங்கினோம். அம்மாவின் கண்ணாடி லொக்கரில் பூட்டிக் கிடந்தது, எடுத்துப் போட்டோம். வீட்டு மணிக்கூட்டைக் கொண்டுவந்து பார்வைக்கு நேரே வைத்தோம். ஒவ்வொரு முறை பேசும்போதும் "அம்மா, நான் உங்கட மூத்தவள். இது ஆஸ்பத்திரி. கால் ஒப்பரேஷன் முடிஞ்சுது. இண்டைக்குச் செவ்வாய்" என்று தொடங்கினேன். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டோம், இரவில் வந்துபோகிறவர்களை நிறுத்தினோம். வள்ளம் வந்துவிட்டது என்று அவர் சொன்னால் இல்லை என்று வாதாடாமல், "நாங்கள் எல்லாரும் பத்திரமா இருக்கிறம் அம்மா, சண்டை முடிஞ்சு கனகாலம்" என்று கையைப் பிடித்தேன். எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு இரவில் திரும்பி வருவது வெறும் கனவு இல்லை, அவர்கள் நடந்து வந்த பாதை. அதை அதட்டி அடக்கப் பார்த்தால் பயம்தான் கூடும். நாட்கள் போகப் போகத் தெளிந்தார்.

நோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா கேட்டால் "தாங்குவன்" என்றுதான் சொல்வார். தாங்குகிற ஆள் மூச்சை இழுத்து விடமாட்டார், இருமமாட்டார், எழும்பமாட்டார். பிறகு நெஞ்சில் சளி, காலில் இரத்தக்கட்டி. 10க்கு எத்தனை என்று கேட்டால் அம்மாவுக்குப் பதில் வராது. ஒரு மிஸ் நல்லாகக் கேட்டார்: "அம்மா, நித்திரை கொள்ள விடுதா, விடேல்லையா? காலை அசைச்சால் அழுகை வருதா?" அதற்கு உண்மையான பதில் வந்தது. பனடோல் நேரத்துக்கு நேரம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நோவு வந்த பிறகு தேடாமல், வர முன்னரே கேட்டு வாங்கினேன். முக்கியமாகப் பிசியோ வருவதற்கு முக்கால் மணித்தியாலம் முன்.

ஒப்பரேஷனுக்கு அடுத்த நாளே பிசியோ வந்து எழுப்பி நிறுத்தினார். சொந்தக்காரர் எல்லாம் துடித்துப் போனார்கள். "எலும்பு பொருந்த முந்தி எப்பிடி எழுப்பிறது?" அம்மாவுக்கு வைத்தது உலோகம், பொருந்தக் காத்திருக்க எதுவும் இல்லை. படுக்க விட்டால் தசை கரையும், முதுகில் படுக்கைப் புண் வரும். டென்மார்க்கின் சேர்ஜன் ஹென்ரிக் கேலெட் 1990களில் சொல்லத் தொடங்கியதும் இதுதான்: பட்டினியைக் குறை, நோவைப் பல வழியால் அடக்கு, குழாய்களைக் கெதியாக எடு, உடனே சாப்பிட விடு, உடனே நடக்க விடு. தனித்தனியே சின்னதாகத் தெரிகிறவை ஒன்றாகச் சேர்ந்தால் ஆள் கெதியாக எழும்பும். இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2018இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று ஒப்பரேஷனுக்கு இருந்த 441 பேரில், ஒரு பிரிவினரோடு பிசியோ முன்கூட்டியே அரை மணித்தியாலம் பேசி, ஒப்பரேஷன் முடிந்ததும் எப்படி மூச்சை இழுத்து விடுவது என்று பழக்கினார். நுரையீரல் சிக்கல் அவர்களில் 12 சதவீதம், கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம். ஒப்பரேஷனுக்கு முன்னரே பிசியோவைச் சந்திக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் முடியும்.

சாப்பாட்டில் பெரிய போராட்டம். மீன் கிரந்தி, முட்டை கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, புண் ஆறாது என்று சித்தி வெறும் இடித்த சம்பாக் கஞ்சியோடு வந்தார். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். வாட் டொக்டர் சித்தியின் முன்னாலேயே சொன்னார்: மீன், முட்டை, பருப்பு எல்லாம் கொடுங்கள், அலர்ஜி இருக்கிறதை மட்டும் விடுங்கள். அதன்பின் சித்தியே விளைமீனைப் பத்தியச் சரக்குப் போட்டு, உறைப்பில்லாமல் குழம்பு வைத்துக் கொண்டுவந்தார். அம்மா விரும்பிச் சாப்பிட்டார். பெரியவர்களோடு முட்டி மோதாமல், டொக்டரின் வாயால் சொல்ல வைப்பது சுலபம்.

வீட்டுக்கு விடும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். அங்கேயே நின்று, எந்த மருந்து எத்தனை நாள், தையல் எப்போது வெட்டுவது, எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு, தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். புண் சிவந்து ஊனம் வடிவது, காய்ச்சல், கெண்டைக்கால் வீங்கி நோவது, திடீர் மூச்சுத் திணறல். கடைசி இரண்டும் வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் குந்துகிற கக்கூசு. இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆழமாகக் குந்தினால் மூட்டு விலகலாம் என்பதால் மேலே வைக்கிற கொமட் கதிரை வாங்கினோம். கிணற்றடிக்குப் போகும் வழியில் பிடிகம்பி பூட்டினோம், பாசி பிடித்த சீமெந்தைக் கொத்திச் சொரசொரப்பாகப் போட்டோம்.

கடைசியாக, கிளினிக்கில் நாங்களாகக் கேட்டால்தான் கிடைக்கக்கூடிய ஒன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம், மற்றப் பக்கமும் முறியலாம். 2007இல் இடுப்பு முறிந்த 2,127 பேரில் ஒரு பிரிவினருக்கு, எலும்பை உறுதிப்படுத்தும் மருந்தான சொலட்ரோனிக் அமிலத்தை வருடத்துக்கு ஒரு தடவை ஏற்றிப் பார்த்த ஆய்வில், புது முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. அம்மாவின் கிளினிக் நாளில் இதைக் கேட்டேன். சிறுநீரகமும் கல்சியமும் விட்டமின் டீயும் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று இரத்தத்துக்கு எழுதித் தந்தார் டொக்டர். முடிவு நல்லபடி வந்து, மருந்தும் ஏற்றியாயிற்று. அடுத்த கார்த்திகைக்குத் திரும்ப ஏற்ற வேண்டும் என்று கொப்பியில் எழுதியிருக்கிறது.